ஈரம் காயுறதுக்குள்ள

வத்திராயிருப்பில் மார்கழி வந்துவிட்டது என்பதை எங்கள் கால்கள்தான் முதலில் சொல்லும். ஐப்பசியும் கார்த்திகையும் பெய்து ஓய்ந்து, கண்மாய்கள் நிறைந்து, பிளவக்கல் அணைத் தண்ணீர் வாய்க்காலில் சலசலத்துக்கொண்டிருக்கும். மேற்கே சதுரகிரி மலை விடிந்து வெகுநேரம் வரைக்கும் பனிக்குள்ளேயே கிடக்கும். தென்னந்தோப்புப் பக்கம் போனால் ஓலை நுனியிலிருந்து பனித்தண்ணீர் பிடரியில் சொட்டும். பார்க்கிற இடமெல்லாம் ஈரம். ஆனால் வெயில் ஏறியதும் வடக்கேயிருந்து ஒரு வாடைக்காத்து கிளம்பும் பாருங்கள், அது அத்தனை ஈரத்தையும் துடைத்துக்கொண்டு போகிற வழியில் எங்கள் உதட்டையும் கன்னத்தையும் முழங்காலையும் ஒரு கை பார்த்துவிட்டுத்தான் போகும்.

பள்ளிக்கூடத்தில் தரையில் உட்கார்ந்திருப்போம். பாவாடையைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால் முழங்காலுக்குக் கீழே தோல் வெள்ளை பூத்து, சின்னச் சின்னச் செதிலாக நிற்கும். அதில் விளக்குமாற்று ஈர்க்குச்சியால் லேசாக இழுத்தால் பளிச்சென்று ஒரு கோடு விழும். எங்களுக்கு அது போதும். பெயர் எழுதுவோம், புள்ளி வைத்துக் கோலம் போடுவோம், வாத்தியார் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும் நேரத்தில் கட்டம் போட்டுப் பக்கத்துப் பிள்ளையோடு விளையாடுவோம். தோற்றவள் எச்சில் தொட்டு அழித்துவிடுவாள், அழித்த இடம் காய்ந்ததும் முன்னைவிட வெளுத்துப்போகும். நாக்கால் உதட்டை நனைத்து நனைத்து வெடிக்க வைத்துக்கொள்வதும் அந்தப் பருவத்தின் பழக்கம்தான். முன்னங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகள் ரொம்பக் குறைச்சல், உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் அறவே கிடையாது, அதனால்தான் வறட்சி அங்கே முதலில் கண்ணில் படுகிறது என்று பல வருஷம் கழித்து மதுரையில் ஒரு தோல் டாக்டர் விளக்கினார். அவர் பேசிக்கொண்டிருக்க, எனக்கு அந்த ஈர்க்குச்சி எழுத்துகள்தான் வரிசையாக வந்து நின்றன.

வீட்டில் இதற்கெல்லாம் பொறுப்பு அம்மாச்சிதான். புறவாசலில் கல் பதித்த ஒரு மூலை, அதை ஒட்டி வெந்நீர் அண்டா, அதற்கடியில் தென்னம்பாளையும் பன்னாடையும் எரியும். பாளை எரிகிற புகைக்கு ஒரு தனி வாசம் உண்டு. இன்றைக்கும் எங்காவது அந்தப் புகை வந்தால் எனக்குக் குளிக்கிற நேரம் வந்துவிட்ட மாதிரி இருக்கும். தண்ணீர் ஆவி பறக்கும்; எங்களுக்கு அது எவ்வளவு சூடாக இருந்தாலும் போதாது. அம்மாச்சி ஒரு போணி பச்சைத் தண்ணீரை அதில் விளாவிவிட்டுத்தான் எங்களை உட்கார வைப்பாள். "கொதிக்கக் கொதிக்க ஊத்துனா தோலு பொரிஞ்சு போகும் தாயி" என்பாள். குளித்து முடித்ததும் துண்டால் அழுத்தித் துடைக்க விடமாட்டாள். "தேய்க்காத, ஒத்தி எடு. போதும் போதும், ஈரம் காயுறதுக்குள்ள காலக் காட்டு."

காலைக் காட்ட வேண்டும். அவள் உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் தயாராக இருக்கும். எங்கள் எண்ணெய் கடையில் வாங்கியதல்ல. உதிர்ந்த தேங்காய்களை உடைத்து மொட்டைமாடியில் காயவைத்து, காக்காய்க்கும் அணிலுக்கும் கொடுத்தது போக மிஞ்சிய கொப்பரையைப் பஜார் செக்கில் ஆட்டிக் கொண்டுவருவோம். அன்றைக்கு யார் செக்குக்குக் கூடப் போவது என்று எங்களுக்குள் சண்டையே நடக்கும். எள்ளு ஆடுகிற நாளாக இருந்தால் செக்குக்காரர் சூடான புண்ணாக்கில் ஒரு துண்டு உடைத்துக் கொடுப்பார், அதைக் கருப்பட்டியோடு கடித்துக்கொண்டே எண்ணெய்த் தூக்குவாளியைச் சிந்தாமல் தூக்கிவருவது ஒரு பெரிய வேலை.

மார்கழி விடியலில் அந்த எண்ணெய் போத்தலுக்குள் வெள்ளையாக உறைந்து கிடக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைய ஆரம்பிக்கும், எங்கள் ஊர் விடியற்காலைக் குளிருக்கு அது தாராளமாகப் போதும். அம்மாச்சி போத்தலை அடுப்புத் திண்டில் சாய்த்து வைப்பாள். நான் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, ஓரத்திலிருந்து அது கண்ணாடியாகக் கரைந்துவருவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். நடுவில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டி கடைசி வரை மிதக்கும். அந்தக் கட்டியை ஈர்க்கால் குத்தி எடுத்துப் புறங்கையில் வைத்தால் உடம்புச் சூட்டிலேயே கரைந்து வழியும். அதற்குள் அம்மாச்சி பின்னாலிருந்து, "பள்ளிக்கொடம் போகணுமா, எண்ணெயோட பேசிக்கிட்டு இருக்கணுமா?" என்பாள்.

எண்ணெய் தேய்ப்பது எங்களுக்குப் பள்ளிக்கூடம் போகிற அலங்காரம். வயலில் இறங்குகிறவர்களுக்கு அது மருந்து. நாற்று நடுகிற காலத்தில் விடிந்ததிலிருந்து சேற்றிலேயே நிற்கிற கால்கள், விரலிடுக்கில் சேற்றுப்புண், குதிகாலில் பித்தவெடிப்பு. அறுப்பு வந்தால் நெல்லுச் சுணை பட்டு முன்னங்கை முழுக்கச் சொரசொரப்பு. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் யாராவது ஒரு அக்கா, சித்தி, மதினி திண்ணையில் வந்து உட்காருவார்கள். ஊர்க்கதை கொஞ்சம் ஓடும். அப்புறம்தான் வந்த விஷயம் வரும். "யத்தே, அந்த மெழுகு கொஞ்சம் இருக்கா? ராத்திரி படுத்தா காலு காந்துது." அம்மாச்சி உடனே எடுத்துக் கொடுக்கமாட்டாள். "மொதல்ல வெதுவெதுன்னு உப்புத் தண்ணியில காலை வச்சு ஊறப்போடு. செங்கல்லு ஓட்டால மெல்லத் தேச்சுட்டு வா. அழுக்கோட தடவுனா அது எங்கிட்டு ஒட்டும்?"

அந்த மெழுகு வந்த விதத்தை நான் கிட்டத்திலிருந்து பார்த்திருக்கிறேன். தாணிப்பாறைப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் பளியர்கள் தேன் கொண்டுவருவார்கள். தேனைப் போத்தலில் வாங்கிக்கொண்டு, "பிழிஞ்ச அடையையும் குடுத்துட்டுப் போங்க" என்று அம்மாச்சி கேட்டு வாங்கி வைப்பாள். அந்த அடையை மண்சட்டியில் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைப்பாள். வீடு முழுக்க ஒரு வாசம் கிளம்பும். தேன் கொஞ்சம், புகை கொஞ்சம், காட்டுப்பூ கொஞ்சம். கரைந்ததைப் பழைய வேட்டித் துணியில் வடித்து ஆறவிட்டால், அழுக்கெல்லாம் அடியில் தங்கி, மேலே மஞ்சள் தகடாக மெழுகு கட்டி நிற்கும். அதைத் தட்டி எடுப்பது என் வேலை. விரலால் சுண்டினால் டொக் என்று சத்தம் வரும்.

பிறகு நல்லெண்ணெயை மெல்லிய தீயில் காயவைத்து, அந்த மெழுகில் கொஞ்சம் சீவிப் போடுவாள். அளவு என்று கரண்டிக் கணக்கெல்லாம் கிடையாது. ஒரு சொட்டு எடுத்து வாழைத்தண்டுச் சருகில் விட்டு ஊதிப் பார்ப்பாள். கல்லாக இறுகினால் எண்ணெய் சேர்ப்பாள், ஓடினால் மெழுகு சேர்ப்பாள். பதம் வந்ததும் இறக்கி, ஆறும் வரைக்கும் கைவிடாமல் ஒரே பக்கமாகக் கிண்டுவாள். கிண்டுவதை நிறுத்தினால் திரித்திரியாகப் போய்விடும். கடைசியில் நெல்லிக்காய் அளவு பச்சைக் கற்பூரத்தை நுணுக்கிப் போடலாமா வேண்டாமா என்று யோசித்து, பெரும்பாலும் வேண்டாம் என்றே முடிவு செய்வாள். வெடிப்பில் பட்டால் எரியும் என்பது அவள் கணக்கு. கழுவிக் காயவைத்த சிரட்டைகளில் ஊற்றி, மேலே ஒரு பூவரச இலையைக் கவிழ்த்து வைப்பாள். கேட்டு வந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு சிரட்டை. அவர்கள் ராத்திரி அதைக் குதிகாலில் பூசிப் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு படுப்பார்கள். விடிந்து வாய்க்காலில் கால் நனைக்கும்போது முகத்தில் தெரிகிற நிம்மதியை நான் பார்த்திருக்கிறேன்.

தேன்மெழுகையும் எண்ணெயையும் உருக்கிச் சேர்த்து, அதில் பன்னீரை விட்டு அடித்த ஒரு களிம்பைப் பற்றி, கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வைத்தியம் பார்த்த காலன் என்ற மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். உலகத்தில் விற்கிற கோல்ட் க்ரீம்களுக்கெல்லாம் மூத்த தலைமுறை அதுதான் என்கிறார்கள். எங்கள் அடுப்பங்கரையில் பன்னீர் மட்டும்தான் குறை.

அந்தக் குறையைத் தீர்த்தது சித்தி. ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் வேலை பார்த்தாள். லீவு நாளில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து பஸ் மாறி வருவாள். பையில் எங்களுக்குப் பால்கோவாப் பொட்டலம், கொண்டையோரத்தில் எவ்வளவு தட்டினாலும் போகாத பஞ்சுத்தூசி, கூடவே ராஜபாளையத்துக் கடைகளின் புது வாசனை ஏதாவது ஒன்று. அவள் கை அம்மாச்சி கையைவிட வறண்டிருக்கும். நாளெல்லாம் பஞ்சும் நூலும் பிடிக்கிற கை. மில்லுக்குள் காற்றையே ஈரப்படுத்தி வைத்திருப்பார்கள் என்று அவள்தான் சொன்னாள். காற்று காய்ந்துபோனால் நூல் அறுந்துகொண்டே இருக்குமாம், அதனால் மேலேயிருந்து பூப்பூவாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்குமாம். "நூலுக்கே அப்படிப் பாக்குறாங்க பாப்பா. கைக்கு நாமதான பாக்கணும்?" என்று சொல்லிக்கொண்டே அவள் பையிலிருந்து ஒரு குட்டிப் போத்தலை எடுத்தாள். மருந்துக்கடையில் வாங்கிய கிளிசரின்.

அப்படி ஒரு வஸ்துவை நான் அதுவரை பார்த்ததில்லை. தண்ணீராகவும் இல்லை, எண்ணெயாகவும் இல்லை. போத்தலைச் சாய்த்தால் உள்ளே இருக்கும் காற்றுக் குமிழி அவசரமே இல்லாமல் ஏறிப்போகும். வாசனை கிடையாது. யாரும் பார்க்காதபோது விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், இனித்தது. சித்தி சிரித்தாள். கல்யாண வீட்டில் மிஞ்சிய பன்னீர் ஒரு போத்தல் பீரோவில் இருந்தது. இரண்டு மூடி பன்னீருக்கு ஒரு மூடி கிளிசரின் என்று கலந்து குலுக்கினாள். முதலில் உள்ளே புகை மாதிரி நெளிநெளியாக ஓடி, அப்புறம் இரண்டும் ஒன்றாகிவிட்டது. "தனியா அள்ளிப் பூசிறாத. இது எங்க தண்ணி இருந்தாலும் இழுக்கும். காத்து காஞ்சு கெடந்தா தோலுக்குள்ள இருக்கிறதையே இழுத்துரும். அதான் தண்ணியோட கலக்குறது." பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தராத பாடம் அது. எண்ணெயும் காரமும் சேர்ந்து சோப்பாகும்போது கூடவே பிறப்பதுதான் கிளிசரின் என்பதைப் பின்னால் படித்தேன். சோப்பு தோலிலிருந்து எடுத்துக்கொண்டு போவதை, அதனோடு பிறந்த கிளிசரின் திருப்பிக் கொடுக்கிறது. அந்த ராத்திரி புறங்கையெல்லாம் கல்யாண வீட்டு வாசனையோடு தூங்கினேன்.

அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வந்தன. வாசலின் குட்டி டப்பா வந்தது. மூடியைத் திறந்ததும் வழவழவென்று மட்டமாக இருக்கிற அந்த மேற்பரப்பில் முதல் விரல் வைப்பது யார் என்று எங்களுக்குள் போட்டி. கண்ணாடிச் சாடியில் கோல்ட் க்ரீம் வந்தது. சித்தி அதை ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு பொட்டளவு எடுத்து, நெற்றி, இரண்டு கன்னம், மூக்கு, தாடை என்று ஐந்து இடத்தில் வைத்து, கீழிருந்து மேலாகத் தேய்த்துவிடுவாள். அதைப் பூசிக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தால் முன்வரிசையே திரும்பும். காலியான சாடியைக் கழுவிச் சாந்துப்பொட்டு போட்டு வைத்திருந்தோம். வெகுகாலம் வரைக்கும் சாந்தில்கூட அந்த வாசனை இருந்தது.

எது நல்லது என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று நானே ஒரு முடிவுக்கு வந்து, பரீட்சையை என் கால்களிலேயே வைத்தேன். இடது காலுக்கு வாசலின், வலது காலுக்குத் தேங்காய் எண்ணெய். முழங்கைகளுக்குக் கிளிசரின் பன்னீர். உதட்டுக்கு அம்மாச்சியின் வெண்ணெய். கன்னத்தில் ஒரு நாள் பாலாடை பூசிப் பார்த்தேன். காய்ந்ததும் தோலை இழுத்துப் பிடித்தது, திண்ணையில் உட்கார்ந்தால் ஈ வந்தது. பள்ளிக்கூடம் விட்டு மண்ரோட்டில் நடந்து வந்ததும், பையைக்கூட இறக்காமல் ஈர்க்குச்சியை எடுத்துக்கொண்டு உட்காருவேன். எந்தக் காலில் கோடு விழுகிறது என்பதுதான் தீர்ப்பு. மத்தியானத்துக்கெல்லாம் எண்ணெய் உள்ளே இறங்கிவிடும். சாயங்காலம் லேசாக ஒரு கோடு விழும். வாசலின் பூசிய காலில் கோடே விழாது, ஆனால் ரோட்டுப் புழுதி மொத்தமும் அதில்தான் ஒட்டியிருக்கும். கிளிசரின் முழங்கையை மெதுமெதுவென்று வைத்திருக்கும், ஆனால் ஒரு தடவை கழுவினால் போய்விடும். இதையெல்லாம் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் மிகுந்த பொறுப்போடு எழுதி வைத்தேன். சித்தி வந்ததும் படித்துக் காட்டினேன். அவளும் அதே பொறுப்போடு கேட்டாள்.

அந்தச் சிறுமியின் பரீட்சை அப்படியொன்றும் தவறில்லை என்று இப்போது தோன்றுகிறது. 2004-இல் பிலிப்பைன்ஸில் தோல் மருத்துவர்கள் இருவர் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். வறண்ட தோல் உள்ளவர்களின் கால்களில் சிலருக்குத் தேங்காய் எண்ணெயும் சிலருக்கு மினரல் ஆயிலும் பூசிப் பார்த்து, இரண்டும் ஒன்றுக்கொன்று குறைந்ததில்லை, இரண்டும் பாதுகாப்பானவை என்று எழுதினார்கள். வாசலின் கதை இன்னும் பழசு. 1859-இல் அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில் எண்ணெய்க் கிணறுகளைப் பார்க்கப் போன ராபர்ட் செஸ்பரோ என்ற இளம் வேதியியலாளர், அங்கே வேலை செய்தவர்கள் துளைக்கம்பியில் படிகிற கறுப்பு மெழுகைத் தங்கள் காயத்திலும் சுட்ட இடத்திலும் பூசிக்கொள்வதைப் பார்த்தார். அதைக் கொண்டுபோய்ச் சுத்தப்படுத்தி, 1872-இல் காப்புரிமை வாங்கினார். முதலில் கண்டுபிடித்தது கிணற்றில் வேலை பார்த்த கைகள்தான். எங்கள் திண்ணைக்கு மெழுகு கேட்டு வந்த கால்களையும் நான் அந்த வரிசையில்தான் வைக்கிறேன். உழைக்கிறவர்களின் தோல்தான் முதலில் வெடிக்கிறது, மருந்தையும் முதலில் தேடிக்கொள்கிறது.

மார்கழிக் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் போவது எங்கள் வீட்டு வழக்கம். ஆண்டாளுக்கு நீராட்ட உற்சவம் நடக்கும் நாட்கள் அவை. திருமுக்குளக் கரையில் இருக்கும் எண்ணெய்க்காப்பு மண்டபத்துக்கு ஆண்டாளை எழுந்தருளப் பண்ணி, மூலிகைகள் சேர்த்துக் காய்ச்சிய தைலத்தால் காப்பு செய்து, கூந்தல் சிக்கெடுத்து, அதன் பிறகுதான் திருமஞ்சனம். கூட்டத்தில் அம்மாச்சி இடுப்பில் ஏற்றிக்கொண்டால்தான் எனக்குத் தெரியும். பூவும் தைலமும் ஈரக்கல்லும் கலந்த ஒரு வாசனை மண்டபத்திலிருந்து வெளியே வரும். எண்ணெய்க் குளியல் என்றாலே ஓடி ஒளிகிற எனக்கு அம்மாச்சி காதோடு சொன்னாள்: "பாத்தியா, ஆண்டாளுக்கே மார்கழியில எண்ணெ தேச்சுத்தான் தண்ணி ஊத்துறாங்க. ஒனக்கு என்ன வந்துச்சு?" அதற்குமேல் என்ன பேச? அந்த வாரத்திலிருந்து நல்லெண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தால் நான் தோப்புக்குள் ஓடவில்லை.

எண்ணெய்க் குளியலுக்குச் சோப்பு கிடையாது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்பு. சோப்பு எவ்வளவு தேய்த்தாலும் நுரைக்காது, வாளியின் விளிம்பில் வெள்ளைப் படலமாக ஒட்டிக்கொள்ளும். அந்தப் படலம் தோலிலும் ஒட்டும், தோலைக் காயவைக்கும். அதனால் அம்மாச்சி பயற்றமாவு வைத்திருந்தாள். பாசிப்பயறு, காயவைத்த ஆவாரம்பூ, ரோஜா இதழ், பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், கொஞ்சம் வெட்டிவேர். எல்லாவற்றையும் சுளகில் பரப்பி வெயிலில் போட்டு, மிளகாய் அரைக்காத நாளாகப் பார்த்து மில்லில் கொடுத்து அரைத்து, ஒரு பழைய பால்மாவு டின்னில் அடைத்து வைப்பாள். அந்த மாவு அழுக்கை எடுக்கும், எண்ணெயை முழுதாக எடுத்துவிடாது. உடம்பில் ஒரு மெல்லிய பூச்சு மிஞ்சும். அந்தப் பூச்சோடு மத்தியானம் பருப்புச் சாதமும் ரசமும் சாப்பிட்டுவிட்டுப் பாயில் விழுந்தால் வருகிற தூக்கம் வேறு எந்த நாளிலும் வராது.

நான் பெரிய வகுப்புக்குப் போனபோது பெட்டிக்கடைகளில் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்க ஆரம்பித்துவிட்டன. கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து எளியவர் கைக்குக் கொண்டுவந்த பிறகு, தேங்காய் எண்ணெயும் க்ரீமும்கூட அதே வழியில் வந்தன. முழுச் சாடி வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைகளும் பொங்கலுக்கு ஒரு பாக்கெட் வாங்கி, நான்காய் மடித்து, ஓரத்தை ஊக்கு குத்தி வைத்து, போகிவரைக்கும் கொஞ்சம், பொங்கலன்றைக்குக் கொஞ்சம் என்று பூசிக்கொண்டார்கள். அந்தச் சிக்கனத்தில் ஒரு பெருமை இருந்தது.

இன்றைக்கு என் மகள் காட்டுகிற போத்தல்களில் செராமைடு என்கிறார்கள், ஹைலூரானிக் என்கிறார்கள், விலை கேட்டால் அம்மாச்சி ஒரு வருஷத்துக்கு எண்ணெய் ஆட்டியிருப்பாள். அவற்றில் நல்லவை உண்டு; சிலருக்கு அவசியமும் உண்டு. ஆனால் அந்த மதுரை டாக்டர் எனக்குச் சொன்னது சின்ன விஷயங்கள்தான். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், நேரம் குறைவாகக் குளியுங்கள். சோப்பு அக்குளுக்கும் இடுக்குகளுக்கும் போதும், வறண்ட கால்களில் தினமும் வேண்டாம். உடம்பை ஒற்றி எடுத்து, ஈரம் இருக்கும்போதே இரண்டு மூன்று நிமிஷத்துக்குள் எதையாவது பூசிவிடுங்கள். பூசுவது அந்த ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கத்தான். ரொம்ப வறண்ட தோலுக்குத் தண்ணீர்போல ஓடுகிற லோஷனைவிடக் கெட்டியான களிம்பு நல்லது, வாசலின் தாராளமாகப் போதும். வெடித்த குதிகாலுக்கு மருந்துக்கடையில் யூரியா கலந்த க்ரீம் கிடைக்கும், விலையும் குறைவு. வயலுக்குப் போடுகிற யூரியாவை அல்ல என்று அவர் சிரித்துக்கொண்டே சேர்த்துச் சொன்னார். முகப்பரு வருகிற வயசுப் பிள்ளைகள் முகத்தில் தேங்காய் எண்ணெயைத் தவிர்க்கலாம். சர்க்கரை இருப்பவர்கள் காலில் வெடிப்பு கண்டால் வீட்டு வைத்தியத்தோடு நிற்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். எனக்கு அவர் சொன்னதில் பாதி, ஆவி பறக்கிற அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றபடி அம்மாச்சி குரலில்தான் கேட்டது.

அம்மாச்சியின் கடைசி வருஷங்களில் அவள் கால்கள் கண்ணாடித்தாள் மாதிரி ஆகிவிட்டன. ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டே இருப்பாள்; வயசாக ஆகத் தோலில் எண்ணெய் ஊறுவது குறையும், அரிப்பு கூடும். ஊருக்குப் போகும்போதெல்லாம் அவளைக் குளிக்க வைத்து, துண்டால் ஒற்றி எடுத்து, நான் காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். அவள் எண்ணெய் கேட்பாள், நான் வாசலின் எடுப்பேன், கடைசியில் இரண்டையும் குழைத்துப் பூசுவோம். அன்றைக்கு ராத்திரி அவள் சொறியாமல் தூங்குவாள். மருந்துக்கு எத்தனை பங்கு, தொட்டுத் தடவிய கைக்கு எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, பிரிக்கவும் வேண்டாம்.

உங்கள் வீட்டில் வயசானவர்கள் இருந்தால் இந்தப் பனிக்காலத்தில் அவர்களுடைய கால்களை ஒருமுறை பாருங்கள். அவர்களாகக் கேட்கமாட்டார்கள்; குனிந்து தங்கள் குதிகாலைத் தொட அவர்களுக்கு முடியாது. விலை கூடிய போத்தல் எதுவும் தேவையில்லை. கொஞ்சம் தேங்காய் எண்ணெயோ ஒரு குட்டி டப்பா வாசலினோ போதும். குளித்து வந்ததும், ஈரம் காயுறதுக்குள்ள, நீங்களே பூசிவிடுங்கள்.